கோமதிநாயகம் மூன்று பேராக இருந்த காலம்

ஆவணி அமாவாசை மத்தியானம், மூத்த மருமகள் ஆவுடையம்மாள் வீட்டு முறை முடிந்து இரண்டாவது மகன் நெல்லையப்பன் வீட்டு முறை தொடங்க வேண்டிய நேரத்தில், தொண்ணூற்று மூன்று வயது கோமதிநாயகம் ஆட்டோவில் ஏறிப் போகவும் செய்தார், போகாமல் கட்டிலில் உட்கார்ந்திருக்கவும் செய்தார்.

ஆவுடையம்மாள்தான் அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்து ஏற்றிவிட்டாள். ரெக்சின் பையை அவர் மடியில் வைத்தாள், பிடித்து நடக்கிற கம்பிச் சட்டத்தை மடக்கிக் காலடியில் செருகினாள், கழிப்பறை நாற்காலியை டிரைவர் கயிறு போட்டு மேலே கட்டினார். தெருமுனையில் ஆட்டோ திரும்பும் வரைக்கும் நின்று பார்த்துவிட்டு, படுக்கை விரிப்பை உருவித் துவைக்கப் போடலாம் என்று உள்ளே வந்தால், விரிப்பின் மேல் மாமனார் உட்கார்ந்திருந்தார்.

"ஏ லிங்கம், உங்க வீட்டுல ரசம் உண்டுமா இல்லையாடே?" என்றார்.

லிங்கம் என்பது ஆவுடையம்மாளின் கணவர் சங்கரலிங்கம். அவர் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. அந்தக் குடும்பத்தில் மாமனார் மருமகளோடு நேராகப் பேசுவது வழக்கம் இல்லை. மகன் இருந்தவரைக்கும் கோமதிநாயகம் வேண்டியதை மகனிடம் சொல்வார், மருமகள் அதைக் கேட்டுச் செய்வாள். மகன் போன பிறகும் மகனிடமே சொன்னார். அவளும் பதிலைச் சுவரிடமோ செம்பிடமோ சொல்லிப் பழகியிருந்தாள்.

"ரசம் இருக்கு, இன்னா ஊத்துதேன்," என்று செம்பிடம் சொல்லிவிட்டு, அடுப்படிக்குப் போய் போனை எடுத்தாள்.

"தம்பி, மாமா வந்து சேந்தாங்களா?"

"இப்பத்தான் மதினி. சாப்பிட உக்காந்துட்டாங்க."

"இங்ஙனயும் சாப்பிட உக்காந்திருக்காங்க."

நெல்லையப்பன் பம்புசெட் மோட்டார் விற்கிறவர். ஒரே நம்பரில் இரண்டு மோட்டார் வந்து இறங்கிய குழப்பங்களை எல்லாம் பார்த்தவர்.

"சரி மதினி. புளி பாத்து ஊத்துங்க. அப்பாவுக்கு ஆகாது," என்றார்.

காரணம் என்று ஊர் பின்னால் கண்டுபிடித்துச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். அன்றைக்கு இரண்டு வீட்டிலும் அவருக்கென்று அரிசி களைந்திருந்தார்கள். கணவருக்கு அமாவாசை விரதச் சாப்பாடு படைக்கிறவள் ஆவுடையம்மாள், மாமனாரை வெறும் வயிற்றோடு எப்படி அனுப்புவது என்று அவருக்கும் சேர்த்து உலை வைத்தாள். வருகிறவருக்கு என்று நெல்லையப்பன் மனைவி சண்முகவடிவும் வைத்தாள். எந்தச் சோற்றை வேண்டாம் என்பார் அவர்? அதற்கு மேல் யாரும் ஆராயவில்லை. ஆராய்ந்து பயனில்லை என்று இல்லை. ஆராய்கிற நேரத்தில் இரண்டு வீட்டிலும் அவருக்கு வேட்டி மாற்ற வேண்டியிருந்தது.

அடுத்த அமாவாசைக்கு, மூன்றாவது மகன் குத்தாலம் தன் முறைக்கு அழைத்துப்போக வந்தபோது, எல்லோரும் ஒரு மாதிரி எதிர்பார்த்தேதான் இருந்தார்கள். கோமதிநாயகம் குத்தாலத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். சண்முகவடிவு திரும்பிக் கட்டிலைப் பார்த்து, "இருக்காங்க," என்று பெருமூச்சு விட்டாள். அதோடு மூன்று பேர் ஆயிற்று. அதற்கு மேல் பிள்ளைகள் இல்லாததால் அதற்கு மேல் பெருகவில்லை.

சங்கரன்கோவிலில் எந்தச் செய்தியும் மூன்று நாளைக்கு மேல் புதிதாக இருக்காது. முதல் நாள் பார்க்க வந்தார்கள். இரண்டாம் நாள் பூச்சந்தையில் பேசினார்கள். மூன்றாம் நாள், அதனால் ஆக வேண்டிய வேலைகளைப் பார்க்கத் தொடங்கினார்கள். சலூன் மாடசாமி மாதம் இரண்டு தடவை வந்து ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தவர், இப்போது சைக்கிளில் மூன்று வீட்டுக்கும் போனார். மூன்று மோவாயிலும் ஒரே இடத்தில் ஒரே மரு என்றும், மூன்று பேருமே மருவுக்குப் பக்கத்தில் கத்தி வரும்போது ஒரே மாதிரி மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்றும் அவர் சொன்னதைச் சாட்சியாக எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். டாக்டரம்மா ஒருவரைச் சோதித்து மருந்துச் சீட்டு எழுதி, மற்ற இரண்டு பேருக்கும் நகல் எடுத்துக்கொள்ளச் சொன்னார். பென்ஷன் அலுவலகத்தில், உயிரோடு இருப்பதற்கு அப்பாவை ரேகை வைக்கக் கூட்டிப்போன நெல்லையப்பன் விஷயத்தை ஒளிக்காமல் சொன்னபோது, அங்கிருந்த எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஒருத்தர் உயிரோட இருந்தாப் போதும் சார். மூணு பேருக்குக் கட்டம் இல்ல," என்றார். கோவிலில் ஒரு பெயருக்கு, ஒரு நட்சத்திரத்துக்கு ஒரே அர்ச்சனை மூன்று பேருக்கும் சேரும் என்று சொல்லிவிட்டார்கள்.

டீக்கடையில் மட்டும் கொஞ்ச நாள் விளையாட்டுப் பேச்சு ஓடியது.

"அண்ணாச்சி, ஒங்க வீட்டுல இருக்கது அசலா, ஜெராக்ஸா?"

"ஜெராக்ஸ்தான் போல. கொஞ்சம் மங்கலாத்தான் தெரியுது," என்பார் குத்தாலம்.

"அப்ப கெஜட்டட் ஆபீசர்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கி வச்சிருங்க."

சிரிப்பார்கள். குத்தாலமும் சிரிப்பார். ஆனால் வீட்டுக்குப் போகிற வழியில் அந்தச் சொல் அவரோடு கூடவே போகும்.

ஆவுடையம்மாளுக்கு அறுபத்தாறு வயது. முழங்கால் இரண்டும் தேய்ந்து, உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு கதவு வேண்டும். ஒரே மகள் பரணி புனேயில். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். மாமனார் முறை வருகிற மாதம் முழுவதும் அவள் அலுத்துக்கொண்டுதான் இருப்பாள். விடியற்காலை வெந்நீர், பல் இல்லாத வாய்க்குக் குழைத்த சோறு, நாளுக்கு மூன்று வேட்டி, தள்ளாத வயதில் தள்ளாதவரைத் தூக்குவது என்று தெருவில் எல்லோரிடமும் சொல்வாள். முறை முடிந்து அவர் போன பிறகு வருகிற இரண்டு மாதம் எப்படி இருக்கும் என்று மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. அந்த இரண்டு மாதமும் அவள் காலையிலேயே சோறு வடித்துவிடுவாள், மத்தியானம் வரைக்கும் அது ஆறுவதற்குக் காத்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருப்பாள். நாலு மணிக்கு வாசல் தெளிப்பாள். கதவை யாராவது தட்டினால் உடனே போகாமல் இன்னொரு தடவை தட்டட்டும் என்று இருப்பாள், தட்டுகிற சத்தத்துக்காக. சுவர்க் கடிகாரத்துக்குப் பக்கத்தில் தொங்கும் காலண்டரில் அடுத்தடுத்த அமாவாசைகளில் பார்வை போய்விட்டு வரும். அலுத்துக்கொள்கிற ஒரு வேலைக்காக இப்படி நாள் பார்ப்பது அவளுக்கே வெட்கமாக இருக்கும்.

ஆகையால் மாமனார் போகாமல் இருந்துவிட்டது அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை அவள் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. "பாருங்க, என் தலையில நிரந்தரமா கட்டிட்டாங்க," என்று தெருவில் சொன்னாள். சொல்லிவிட்டு உள்ளே போய் வெந்நீர் போட்டாள்.

ஆனால் அவளும் அந்த டீக்கடைச் சொல்லிலிருந்து தப்பவில்லை. ஒன்று மூன்றான பிறகு மூன்று வீட்டிலும் ஒரே எண்ணம் வந்தது. மூத்த மகன் வீட்டில் இருப்பவர்தான் முதலிலேயே இருந்தவர், ஆகவே அசல் அங்கேதான் என்று சண்முகவடிவு நினைத்தாள். ஆட்டோவில் ஏறிப் போனவர்தானே ஆள், உட்கார்ந்திருந்தது மிச்சம்தானே என்று ஆவுடையம்மாள் நினைத்தாள். கடைசியாகப் பிரிந்து வந்தது எப்படி அசலாக இருக்கும் என்று குத்தாலம் நினைத்தார். அசல் பத்திரமாக வேறு ஒரு வீட்டில் இருக்கிறது என்ற நிம்மதியில் மூன்று வீட்டிலும் கவனிப்பு மெல்ல மெல்லக் குறைந்தது. நெல்லையப்பன் வீட்டில் மோட்டார் பெட்டிகள் அடுக்கும் அறைக்குக் கட்டில் போயிற்று. குத்தாலம் வீட்டில் காலைக் காப்பி பத்து மணிக்கு வந்தது. யாரும் கெட்டவர்கள் இல்லை. யாரிடம் கேட்டாலும் அப்பாவுக்கு ஒரு குறையும் இல்லை என்று மனசாரச் சொல்லியிருப்பார்கள். அந்த அப்பா இன்னொரு தெருவில் இருந்தார்.

ஐப்பசியில் ஆவுடையம்மாளின் தங்கை மகளுக்குத் தென்காசியில் வளைகாப்பு. முன்பானால் மாமனார் முறையில் அவள் எங்கேயும் நகர்ந்ததில்லை. அன்றைக்குப் பிளாஸ்கில் பாலும், கிண்ணத்தில் தயிர்சோறும் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒரு நாள்தானே, அசலா இது, என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே வெளிக்கதவைப் பூட்டினாள். அப்படிச் சொன்னது தன் குரல்தான் என்பது பஸ்ஸில் பாதி வழியில்தான் உறைத்தது. இறங்கித் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. வளையல் போட்டு, ஏழு வகைச் சோறும் சாப்பிட்டுவிட்டு, பொழுது சாயத்தான் வந்தாள். கோமதிநாயகம் நனைந்த வேட்டியோடு கட்டிலின் ஓரத்தில், எழுந்து போக நினைத்து எழ முடியாதவர் உட்காருகிற மாதிரி உட்கார்ந்திருந்தார். பால் அப்படியே இருந்தது. மூடியைத் திருக அவருக்கு விரலில் பலம் இல்லை.

"லிங்கம், வீட்டுல ஆள் இருக்கா?" என்றார்.

"இருக்கு," என்றாள். அன்றைக்கு அவள் செம்பைப் பார்க்கவில்லை. எதையும் பார்க்கவில்லை.

இப்படி இருக்கையில் புளியங்குடி சாலையில் புதிதாக ஒரு முதியோர் இல்லம் வந்தது. நெல்லையப்பன்தான் போய் விசாரித்து வந்தார். அசல் யார் என்று கண்டுபிடித்து அவரைப் பழையபடி முறைக்கு வைத்துக்கொள்வது, மற்ற இரண்டு பேரையும் இல்லத்தில் விடுவது என்று அண்ணன் தம்பி இரண்டு பேரும் பேசி முடித்துவிட்டு, மதினிக்குச் சொல்லி அனுப்பினார்கள். கார்த்திகை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு ஆட்டோக்கள் நெல்லையப்பன் வீட்டு வாசலில் வந்து நின்றன. அதுவரைக்கும் மூன்று பேரையும் ஒரே இடத்தில் வைத்து யாரும் பார்த்ததில்லை. சேர்த்து வைத்தால் ஒன்றாகிவிடுவார்கள் என்று சிலர் சொன்னார்கள். சேர்த்து வைத்தால் ஒன்றும் இல்லாமல் போய்விடுவார்கள் என்று பயந்ததால்தான் ஆவுடையம்மாள் வருகிற வழி முழுக்கத் தன் கூட இருந்தவரின் கையைப் பிடித்திருந்தாள்.

மூன்று பிளாஸ்டிக் நாற்காலி. மூன்று கோமதிநாயகம். ஒன்றும் ஆகவில்லை. மின்விசிறி சுற்றியது.

நெல்லையப்பன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "எங்க அம்மா பேர் என்னப்பா?" என்று வரிசையாகக் கேட்டார். முதலாமவருக்குப் பெயர் தெரிந்தது, மற்றது ஒன்றும் தெரியவில்லை. இரண்டாமவருக்குப் பெயர் தெரியவில்லை, ஆனால் அவள் மஞ்சள் கலர் கட்ட மாட்டாள் என்று தெரிந்தது. ஆவுடையம்மாள் வீட்டிலிருந்து வந்தவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "அவளுக்கு மூக்கு நுனியில வேர்க்கும்," என்றார். பிறந்த ஊர் கேட்டார்கள், வேலையில் சேர்ந்த வருஷம் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் இருந்தது, ஒருவருக்கும் முழுதாக இல்லை.

"மூணும் பெயில்," என்றார் குத்தாலம்.

"வாய மூடுல. அப்பாவப் பாத்து பேசுத பேச்சா," என்றார் நெல்லையப்பன்.

"எந்த அப்பாவ?" என்று குத்தாலம் கேட்டதும் இரண்டு பேருக்கும் வார்த்தை தடித்தது. சண்முகவடிவு அவர்களை அடுப்படிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். சண்டை அங்கே தொடர்ந்தது. ஆவுடையம்மாள் மட்டும் நிலைப்படியில் நின்றாள். அப்போதுதான் நடு நாற்காலிக்காரர் பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்த்து, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் கேட்பது போலக் கேட்டார்.

"அண்ணாச்சிக்கு எங்ஙன வேலை?"

"கரண்டு ஆபீசுல. வீடு வீடாப் போயி ரீடிங் எடுக்கது."

"அட. நானும் ரீடிங்தான்."

"நானும்," என்றார் மூன்றாமவர், நாற்காலியை நகர்த்தப் பார்த்து, முடியாமல், உடம்பை மட்டும் நகர்த்தி.

"அப்ப பொய்கைமேட்டுத் தெரு கடைசி வீட்டு நாயி ஒங்களையும் விட்டிருக்காதே."

"விடுமா? வலது காலு."

மூன்று பேரும் வேட்டியை விலக்கி வலது கெண்டைக்காலைக் காட்டினார்கள். மூன்று காலிலும் பிறை போல ஒரே வடு. மூன்று பேரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். ஆவுடையம்மாள் நாற்பத்தைந்து வருடத்தில் அந்தச் சிரிப்பைக் கேட்டதில்லை. உள்ளே சண்டை நின்றது. எட்டிப் பார்த்தார்கள். முதலாமவர் அந்த நாயின் சொந்தக்காரியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார், மற்ற இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு, சரியான இடத்தில், சரியான இடைவெளியில், "ம்" என்றார்கள். அவர் ஓய்ந்ததும் அடுத்தவர் வேறொரு தெருவை ஆரம்பித்தார். "ம்," "ம்." காப்பி ஆறியது. மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரம் ஆனது. சோறு தண்ணீர் கேட்பதைத் தவிர அவருக்குப் பேச்சு விட்டுப்போய் ஐந்தாறு வருடம் ஆகிறது என்றுதான் மூன்று வீட்டிலும் நினைத்திருந்தார்கள்.

"இதுகள இனிப் பிரிக்க முடியாது," என்றார் நெல்லையப்பன் கடைசியில். "மூணு பேரையும் சேத்தே இல்லத்துல விட்டுருவோம். சந்தோசமா இருப்பாங்க."

யாரும் மறுக்கவில்லை. அந்த யோசனையில் குற்றம் சொல்லவும் ஒன்றும் இல்லை. ஆவுடையம்மாளுக்கு மட்டும் தன் வீடு கண்ணுக்கு முன்னால் வந்தது. காலையில் வடித்த சோறு. இனி காலண்டரில் எந்த அமாவாசையும் யாரையும் கொண்டுவராது.

அவள் நேராக நடந்துபோய் மூன்று நாற்காலிக்கும் முன்னால் நின்றாள்.

"மாமா, எந்திரிங்க. நம்ம வீட்டுக்குப் போவோம். மூணு பேரும்."

நேராகச் சொன்னாள். யாரோ உஸ் என்று மூச்சு இழுத்தார்கள். மூன்று கிழவர்களும் அவளைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், பிறகு மூன்று பேரும் ஒரே நேரத்தில் கையை நீட்டினார்கள், தூக்கிவிடச் சொல்லி.

"மதினி, ஒங்களால முடியாது," என்றார் நெல்லையப்பன்.

"முடியலன்னா கூப்பிடுதேன்."

அந்த மார்கழியும் தையும் ஆவுடையம்மாள் வீட்டில் மூன்று கட்டில் கிடந்தது. மகள் பரணி போனில் கத்தினாள்: "ஒனக்கே ஒரு ஆளு வேணும்மா. நீ மூணு ஆளப் பாக்குதியா?" நெல்லையப்பன் சாயங்காலங்களில் வந்து மூன்று பேரையும் குளிக்கவைத்துவிட்டுப் போனார். குத்தாலம் துணி துவைக்கிற மிஷின் ஒன்று வாங்கி இறக்கினார். தெருக்காரர்கள் அவளைத் தெய்வம் என்றார்கள். அது உண்மை இல்லை என்பது அவளுக்குத் தெரியும். வீட்டில் குரல் கேட்க வேண்டும் என்றுதான் அழைத்துவந்தாள், குரல் கேட்டது. ஆனால் அது அந்த அறைக்குள் கேட்டது. அவள் காப்பி கொண்டுபோனால் பேச்சு நிற்கும். மூன்று பேரும் மரியாதையாகத் தம்ளரை வாங்கிக்கொள்வார்கள், நேரே அவளைப் பார்த்து, "நல்லா இருக்கும்மா," என்பார்கள். அவள் வெளியே வந்த பிறகு மறுபடி தொடங்கும். சிரிப்பு வரும். எதற்குச் சிரித்தார்கள் என்று தெரியாமல் அடுப்படியில் நின்று அவளும் கொஞ்சம் சிரிப்பாள். உள்ளே போய் உட்கார்ந்தால் என்ன என்று பலநாள் நினைத்தாள். போனால் பேச்சு நின்றுவிடுமே என்று போகவில்லை. ஆளில்லாத வீட்டில் தனியாக இருந்ததைவிட, மூன்று பேர் பேசிச் சிரிக்கிற வீட்டின் அடுப்படியில் தனியாக இருந்தது அவளுக்கு அதிகமாக வலித்தது. அதை யாரிடம் சொல்வது?

மாசிப் பனியில் குத்தாலம் வீட்டிலிருந்து வந்தவருக்குச் சளி கட்டியது. நான்காம் நாள் காலையில் அவர் எழுந்திருக்கவில்லை. டாக்டரம்மா நாடி பார்த்துவிட்டு, பக்கத்துக் கட்டிலில் கோமதிநாயகம் உட்கார்ந்து இட்லி தின்னும்போது கோமதிநாயகம் இறந்தார் என்று எப்படி எழுதுவது என்று கையை விரித்தார். மகன்களுக்கும் அதே சிக்கல். அப்பா உயிரோடு இருக்கும்போது மொட்டை போட்டுக்கொண்டு தெருவில் நடக்க முடியுமா? கடைசியில் சங்கும் சேகண்டியும் இல்லாமல், பந்தல் இல்லாமல், ஒரு பழைய உடன்பணியாளரை எடுப்பது போல மரியாதையாக எடுத்தார்கள். மற்ற இரண்டு பேரும் நடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார்கள்.

"யாரு போறா?" என்று கேட்டார் ஒருவர்.

"வேண்டியவங்க, மாமா," என்றாள் ஆவுடையம்மாள்.

"நல்ல மனுசன். ரீடிங் எடுத்தாரு," என்றார் மற்றவர்.

பங்குனியில் நெல்லையப்பன் வீட்டிலிருந்து வந்தவர், சொல்லிக்கொண்டிருந்த பேச்சின் நடுவில் நின்றுபோனார். "ம்" சொல்லிக்கொண்டிருந்தவர் அதற்குப் பிறகும் நாலைந்து தடவை "ம்" சொல்லியிருக்கிறார். ஆவுடையம்மாள் தம்ளர் எடுக்கப் போனபோதுதான் தெரிந்தது.

மிச்சம் இருந்தவர் ஆவணி அமாவாசையில் எங்கேயும் போகாதவர். அவள் வீட்டுக் கோமதிநாயகம். அசல் எது என்று இப்போது யாரும் கேட்கவில்லை, ஒன்றுதானே இருந்தது. மகன்கள் தினம் வந்தார்கள். சண்முகவடிவு ஆட்டுக்கால் சூப்பு கொண்டுவந்தாள். அவர் யாரோடும் பேசவில்லை. லிங்கத்தைக்கூடக் கூப்பிடவில்லை. பக்கத்தில் கிடந்த இரண்டு வெறும் கட்டில்களை மாறி மாறிப் பார்த்தார். கஞ்சியை வாயில் வைத்தால் விழுங்க மறந்தார். சித்திரை பிறந்தபோது அவர் உடம்பு கட்டிலில் கிடக்கிற இடம் ஒரு மடித்த போர்வை அளவுக்குத்தான் இருந்தது.

அந்தத் தெருவில் இருபது வீடுகளுக்கு மேல் விசைத்தறி. விடிந்தால் பொழுதடையும் வரைக்கும் தறிச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசித்தான் எல்லோருக்கும் பழக்கம். மாதத்தில் ஒரு நாள் பராமரிப்பு என்று கரண்டை நிறுத்துவார்கள். அன்று ஒரு வீட்டில் கரண்டி விழுந்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். அப்படி ஒரு நாள், மத்தியானம் இரண்டு மணிக்கு, ஆவுடையம்மாள் பனையோலை விசிறியை எடுத்துக்கொண்டு மாமனார் அறைக்குப் போய், வெறும் கட்டிலில் உட்கார்ந்து அவருக்கு விசிறினாள்.

"மாமா. மூணு பேரும் அப்படி என்னதான் பேசுவிய?"

அவர் பார்வை அடுத்த வெறும் கட்டிலில் இருந்து அவள் பக்கம் திரும்பியது.

"ஒண்ணுமில்ல. ஒருத்தன் சொல்லுவான். மத்தவன் 'ம்' கொட்டுவான். அம்புட்டுதான்."

"எனக்குச் சொல்லுங்க. நான் 'ம்' கொட்டுதேன்."

அவர் தலையை லேசாக ஆட்டினார், முடியாது என்று. "எங்கிட்ட தீந்துபோச்சு. நீ சொல்லு."

"நானா? எங்கிட்ட என்ன இருக்கு சொல்ல?"

"ம்," என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவளிடம் யாரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. கணவர் நல்லவர்தான், ஆனால் அவள் பேசும்போது பேப்பர் படிப்பார். மகள் போனில் "சரிம்மா, அப்புறம்?" என்பாள், அது முடி என்று அர்த்தம்.

"எட்டாங்கிளாஸ்ல நான் நீளம் தாண்டுவேன்," என்றாள்.

"ம்."

"பாவாடையத் தூக்கிச் செருகிட்டு ஓடுவேன். எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல ஆம்பளப் பிள்ளைக தாண்டுத தூரத்தையும் தாண்டுவேன். சோப்பு டப்பா பரிசு குடுத்தாங்க. ஊதாக் கலரு."

"ம்."

"பாளையங்கோட்டைக்குப் போட்டிக்குக் கூட்டிட்டுப் போகணும்னு டீச்சர் வீட்டுக்கே வந்து கேட்டா. எங்க அய்யா முடியாதுன்னுட்டாரு. வயசுக்கு வரப்போற பிள்ளை காலத் தூக்கித் தாண்டுதான்னு ஊர் சொல்லும்னு. இதை நான் ஒங்க மகன்கிட்டகூடச் சொன்னதில்ல மாமா."

இந்த "ம்" சற்றுத் தாமதமாக வந்தது. அவள் விசிறியை மெதுவாக்கினாள்.

"ஆனா ஒரு நாள், எல்லாரும் வீட்டுக்குப் போன பெறகு, நான் மட்டும் திரும்பி மைதானத்துக்குப் போனேன். மணல் குழியில ஆள் இல்ல. தூரத்துல இருந்து ஓடி வந்தேன்."

காத்திருந்தாள். சுவரில் பல்லி ஒன்று நகர்ந்தது. அடுத்த வீட்டில் யாரோ தண்ணீர் மோந்தார்கள். பிறகு, மிகவும் தள்ளி, தொண்டையில் இருந்து இல்லாமல் மூச்சில் இருந்து, "ம்" வந்தது. வந்த மாதிரி இருந்தது.

"ஓடி வந்து பலகையில கால வச்சேன்," என்றாள்.

அந்த நேரம் கரண்டு வந்தது. ஒரு வீட்டில் தறி ஓடத் தொடங்கியது, அடுத்த வீட்டில், எதிர் வீட்டில், சற்று நேரத்தில் தெரு முழுக்கத் தடதடவென்று எழுந்தது. மின்விசிறி தலைக்கு மேல் சுற்றியது. இனி கட்டிலில் இருந்து "ம்" வந்தாலும் கேட்காது, வராவிட்டாலும் தெரியாது. திரும்பி அவர் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆவுடையம்மாள் திரும்பவில்லை. வெறும் கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, தறிச் சத்தத்துக்கு மேல் கேட்கிற மாதிரி குரலை உயர்த்தினாள்.

"பலகைய மிதிச்சு எந்திரிச்சேன் மாமா. காலு ரெண்டும் தரையில இல்ல. காத்து காதுக்குள்ள போகுது. கீழ மணலு தெரியுது, அதுல பகல்ல மத்த பிள்ளைக தாண்டின தடம் ஒவ்வொண்ணாத் தெரியுது. ஒரு தடத்தத் தாண்டிட்டேன். இன்னொரு தடத்தையும் தாண்டிட்டேன். பள்ளிக்கூடத்துச் சுவருக்கு அங்கிட்டு ஒரு மாட்டு வண்டி போகுது, வண்டிக்காரன் என்னையப் பாக்கான். பாக்கட்டும்னு இருக்கேன். கைய ரெண்டையும் விரிச்சிருக்கேன்..."

சாயங்காலம் நெல்லையப்பன் அப்பாவைக் குளிப்பாட்ட வந்து கதவைத் தட்டியபோதும் அவள் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். இன்னும் மணலில் கால் படவில்லை.